பழைய ஷெவர்லே பிக்கப் வண்டியை மீட்டெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஷெவர்லே நிறுவனம் முற்றிலும் புதிய வடிவில் முதலில் கொண்டுவந்தது காரை அல்ல, பிக்கப் வண்டியைத்தான். 1947 கோடையில் அறிமுகமாகி 1955இன் தொடக்கம் வரை விற்பனையில் இருந்த அந்த ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசை வண்டிகள் இன்றும் அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை வாங்கிப் பழுதுபார்க்க இறங்கியவர்களும், வாங்கலாமா என்று தயங்கி நிற்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. “1950ஆம் ஆண்டு வண்டி” என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுபது ஆண்டுகளைக் கடந்த ஒரு பண்ணை வண்டியில் எல்லாப் பாகங்களும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையாக இருப்பது அரிது. ஆகையால் விற்பவர் சொல்வதை ஒருபுறம் வைத்துவிட்டு வண்டியைச் சுற்றிவந்து பாருங்கள். 1947, 1948 வண்டிகளில் பெட்ரோல் டேங்க் சரக்குப் பெட்டிக்கு அடியில் இருக்கும். 1949 முதல் அது கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் சென்றுவிட்டது. கதவுக் கண்ணாடியின் முன்பகுதியில் திறந்து மூடக்கூடிய முக்கோணச் சிறு கண்ணாடி 1951இல் வந்தது. கதவின் வெளிக் கைப்பிடி 1951 வரை கீழ்நோக்கித் திருப்பும் வகை. 1952 முதல் பொத்தானை அழுத்தும் வகை. முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டு துண்டுகளாக இருந்தால் அது 1953 வரையிலான கேபின், ஒரே துண்டாக இருந்தால் 1954 முதல் வந்தது.

இந்த அடையாளங்களுக்குப் பிறகு கதவுச் சட்டத்தில் இருக்கும் தொடர் எண் தகட்டைப் படியுங்கள். முதலில் வரும் எண் தொழிற்சாலையைக் குறிக்கும். 3 என்றால் செயின்ட் லூயிஸ், 5 என்றால் கான்சாஸ் சிட்டி. அரை டன் வண்டிகளில் அதை அடுத்து வரும் எழுத்துகள் ஆண்டைக் காட்டும்: 1949க்கு ஜி.பி., 1950க்கு ஹெச்.பி., 1951க்கு ஜே.பி., 1952க்கு கே.பி. தகடு ஓர் ஆண்டையும் கதவு வேறோர் ஆண்டையும் காட்டினால் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. எந்தப் பாகம் எந்த ஆண்டினது என்று குறித்து வைத்துக்கொண்டால் போதும். பிறகு பாகம் வாங்கும்போது அந்தக் குறிப்புதான் பணத்தைக் காப்பாற்றும்.

2. 3100, 3600, 3800 என்கிறார்களே, புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்குவது நல்லது?

3100 என்பது அரை டன், 3600 முக்கால் டன், 3800 ஒரு டன். கேபின், கதவு, பானெட் ஆகியவை பொதுவானவை. சேசிஸின் நீளமும் சக்கரம், பிரேக், பின் ஆக்சில் ஆகியவையும் வேறு. 3100க்குத்தான் இன்று மிகுதியான பாகங்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன என்பதால் முதல் வண்டிக்கு அதையே பரிந்துரைப்பேன். பெரிய வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் அதன் பிரேக் டிரம்மைத் தேடும்போதுதான் மலிவின் காரணத்தை உணர்கிறார்கள். பெரிய வண்டிகளில் பூட்டு வளையம் வைத்த பல துண்டுச் சக்கரங்கள் இருக்கக்கூடும். காற்று நிரப்பும்போது வளையம் தெறித்து உயிரைப் பறித்திருக்கிறது. அத்தகைய சக்கரத்தைப் பாதுகாப்புக் கூண்டு உள்ள டயர் பட்டறையில் மட்டுமே கையாள வேண்டும்.

3. வாங்கப் போகும்போது துருவை எங்கே பார்க்க வேண்டும்? வெளியே பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

வெளியே தெரியும் துருவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தண்ணீரும் மண்ணும் சேர்ந்து தங்கும் இடங்களே இந்தக் கேபினைத் தின்பவை. கதவுகளுக்குப் பின்னால் கேபினின் கீழ் மூலைகள் இரண்டும் உள்ளே கூடுபோல் அமைந்தவை; அங்கே புகும் தூசி ஈரத்தை ஆண்டுக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கும். விரல் கணுவால் அந்த மூலையைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். பட்டி பூசி மறைத்த இடம் மந்தமாக ஒலிக்கும். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால், பட்டி தடித்த இடத்தில் அது ஒட்டாமல் நழுவும்.

அடுத்து, ரப்பர் விரிப்பைத் தூக்கி மிதிகளுக்கு அடியிலுள்ள தரையையும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியையும், கேபின் சேசிஸில் உட்காரும் பின்பக்கத் தாங்கிகளையும் பாருங்கள். தரைத் தகடும் மூலைத் தகடும் புதிதாக விற்பனைக்கு உள்ளன; வெட்டி ஒட்டிவிடலாம். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டமும் கூரை விளிம்பும் அரித்திருந்தால் வேலை பல மடங்கு கடினம். என் மதிப்பில், எஞ்சின் இறுகிப்போன வண்டியை வாங்கலாம், கூரை விளிம்பு அரித்த வண்டியைத் தவிர்க்க வேண்டும்.

4. வண்டியின் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண் தகட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை. திருட்டு வண்டியாக இருக்குமோ?

பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்தில் பல அமெரிக்க மாநிலங்கள் எஞ்சின் எண்ணையே வண்டியின் எண்ணாகப் பத்திரத்தில் பதிந்தன. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே எஞ்சின் உடலில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படியுங்கள், பத்திரத்தோடு ஒத்துப்போகலாம். எஞ்சினை மாற்றிவிட்ட வண்டிகளில் இரண்டோடும் ஒத்துப்போகாது. அப்போது உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஆய்வுக்கு வண்டியைக் காட்டி எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும். பதினேழு இலக்க எண் முறை 1981இல்தான் கட்டாயமானது என்பதால், அந்த எண்ணை எதிர்பார்க்கும் இணையச் சோதனைகள் இந்த வண்டிகளுக்குப் பயன்படா.

பத்திரமே இல்லாத வண்டிக்கு வெர்மாண்ட் மாநிலத்தில் பதிவு வாங்கும் வழியைப் பழைய குறிப்புகள் சொல்லும். வெளிமாநிலத்தவருக்கு அந்த வழி 2023இல் அடைக்கப்பட்டுவிட்டது. பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வது நல்லது. வேலை எல்லாம் முடிந்த பின் பத்திரத்துக்காக அலைபவர்களைப் பார்ப்பது வருத்தமாக இருக்கிறது.

5. பிரிக்கும்போது கிடைக்கும் துருப்பிடித்த, உடைந்த பாகங்களை எறிந்துவிடலாமா?

எறியவே கூடாது. இந்தத் தொகுப்பில் நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதுதான்: எவ்வளவு சிதைந்திருந்தாலும், மாற்றுப் பாகம் வண்டியில் பொருந்தி வேலை செய்யும் வரை பழைய பாகம் உங்களிடம் இருக்க வேண்டும். அதுதான் அளவு, அதுதான் அச்சு. துளைகளின் இடைவெளி, வளைவின் கோணம், போல்ட்டின் மரை, தகட்டின் தடிமன் ஆகிய அனைத்தும் அதில் எழுதியிருக்கின்றன. விற்பவரிடம் “கதவுக் கீல்” என்று கேட்பதற்கும், பழைய கீலைக் கையில் கொண்டுபோய் அருகில் வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரியது.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் பல கோணங்களில் படம் எடுங்கள். ஒரு பகுதியின் நட்டு போல்ட்டுகளை ஒரே பையில் போட்டு, அது எங்கிருந்து வந்தது என்று எழுதி உள்ளே வையுங்கள். போல்ட் வெளியே வர மறுத்தால் துருவிளக்கி எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருந்து, சூடுகாட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். முறுக்கி உடைத்தால் சேசிஸில் சிக்கிய துண்டைத் துளையிட்டு எடுக்க அரை நாள் போய்விடும். பழைய பிரேக், கிளட்ச் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும்; அதை உலர்வாகத் தேய்க்க வேண்டாம்.

6. “என்.ஓ.எஸ்.” பாகம் என்று ஐந்து மடங்கு விலை சொல்கிறார்கள். அதுதான் சிறந்ததா?

அன்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டு, விற்காமல் டப்பாவிலேயே தங்கிவிட்ட பாகத்தை என்.ஓ.எஸ். (நியூ ஓல்ட் ஸ்டாக்) என்கிறார்கள். உலோகப் பாகங்களுக்கு, அதிலும் முன் மட்கார்டு, கிரில், கதவுத் தாழ் போன்றவற்றுக்கு, அது உயர்ந்தது; விளிம்புகள் இடைவெளியின்றிப் பொருந்தும். ரப்பர் பாகங்களுக்கு அதே பெயரைச் சொன்னால் வாங்காதீர்கள். எழுபது ஆண்டு டப்பாவில் கிடந்த பிரேக் சிலிண்டர் வாஷரும் கதவு ரப்பரும் கெட்டித்துப்போய் இருக்கும். ரப்பர், வயரிங், பிரேக் குழாய், கேஸ்கெட் எல்லாம் புதிதாகச் செய்தவையாகவே இருக்கட்டும்.

இன்று புதிதாக அச்சில் அழுத்திச் செய்யும் மட்கார்டுகளும் மிதிபலகைகளும் பல சமயம் பழையதைவிட மெல்லிய தகட்டில் வருகின்றன, துளைகள் சற்றே விலகியும் இருக்கும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் அவற்றை வண்டியில் மாட்டிப் பார்ப்பது கட்டாயம். நெளிந்திருந்தாலும் துளை விழாத பழைய மட்கார்டு கிடைத்தால், நல்ல டிங்கரிடம் கொடுத்து நிமிர்த்துவதையே நான் விரும்புவேன்.

7. எந்தக் கடைப் பட்டியலிலும் இல்லாத பாகத்தை எங்கே போய்த் தேடுவது?

முதலில் அந்தப் பாகத்தின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பாகப் பட்டியல் புத்தகங்களும், இந்த வண்டிகளுக்கான தொழிற்சாலைப் பொருத்துகைக் கையேடும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. பாகத்தின் எண் தெரிந்துவிட்டால், விற்பவர் அதைத் தவறான பெயரில் பட்டியலிட்டிருந்தாலும் எண்ணை வைத்தே தேடலாம். அடுத்து, 1934 முதல் வெளிவந்த ஹாலாண்டர் மாற்றுப் பாகக் கையேடு. ஒரு பாகம் வேறு எந்த ஆண்டு, எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று அது சொல்லும். உங்கள் பிக்கப்புக்குக் கிடைக்காத பாகம் அதே காலத்து ஷெவர்லே காரில் கிடைக்கலாம். கார் பாகத்துக்குத் தேடல் குறைவு என்பதால் விலையும் குறையும். ஜெனரல் மோட்டார்ஸ் ஜி.எம்.சி. என்ற மற்றொரு பெயரில் விற்ற உடன்பிறப்பு வண்டிகளின் கதவும் கேபின் கண்ணாடியும் பொருந்தும், எஞ்சினும் கிரில்லும் பொருந்தா.

நேரில் தேட, அக்டோபர் மாதம் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் கூடும் சந்தை மிகப் பெரியது. அதே மாநிலத்தின் கார்லைலிலும், விஸ்கான்சினின் ஐயோலாவிலும், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் பக்கத்திலும் பழைய பாகச் சந்தைகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. முதல் நாள் காலையில் போனால் பாகம் கிடைக்கும், கடைசி நாள் மாலையில் போனால் விலை படியும். ஐந்தாம் கேள்வியில் சொன்ன பழைய பாகத்தைக் கொண்டுபோங்கள். அது தூக்க முடியாத அளவு பெரிதென்றால் அட்டையில் அதன் வடிவத்தை வரைந்து, துளைகளைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

சந்தைகளைவிட நான் நம்புவது கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா போன்ற வறண்ட சமவெளி மாநிலங்களின் காயலான் கடைகளையும் பண்ணைகளையும். அங்கே வேலியோரம் நிற்கும் ஒரு வண்டியில் மேல்தகடுகள் பெரும்பாலும் துருவின்றி இருக்கும். ஒரே ஒரு பாகத்துக்காகப் போனாலும், விலை ஒத்துவந்தால் முழு வண்டியையும் வாங்கிக்கொள்வது லாபம். இன்னும் தெரியவராத குறைகளுக்கான திருகும் தாழும் அதில் இருக்கும்.

8. எஞ்சின் ஓடும்போது ஆயில் மீட்டரின் முள் பாதியைத் தாண்டவில்லை. எஞ்சின் போய்விட்டதா?

1953 வரையிலான அரை டன் வண்டிகளில் இருந்தது 216 கன அங்குல, ஆறு சிலிண்டர் எஞ்சின். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் அதன் ஆயில் மீட்டரே சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு வரைதான் காட்டும். சூடேறி ஓடும்போது முள் நடுப்பகுதிக்கு அருகில் நின்றால் அது இயல்பு. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது இன்னும் இறங்கும். காரணம் அதன் அமைப்பு. பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒவ்வொன்றின் அடியிலும் சிறு அகப்பை இருக்கிறது. அது சுழலும்போது கீழே தொட்டியிலுள்ள எண்ணெயை அள்ளித் தன் பேரிங்குக்கு ஊட்டிக்கொள்கிறது. அதிக அழுத்தம் அந்த எஞ்சினுக்குத் தேவைப்படவில்லை.

உண்மையில் கவலைக்குரியது ஓசை. வேகத்தைக் கூட்டி, ஆக்ஸிலரேட்டரை விடும் கணத்தில் அடியிலிருந்து தட்டும் ஒலி கேட்டால், ராடுகளில் நேரடியாக வார்த்திருக்கும் பாபிட் என்ற மென்மையான பேரிங் உலோகம் தேய்ந்திருக்கிறது. தேய்மானம் குறைவானால் இடையிலுள்ள மெல்லிய தகடுகளை எடுத்துச் சரிசெய்யலாம். மிகுதியானால் மீண்டும் வார்க்க வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த பட்டறைகள் இன்று மிகக் குறைவு.

9. அப்படியானால் 216ஐ எடுத்துவிட்டு 235 கன அங்குல எஞ்சினை வைத்துவிடலாமே?

வைக்கலாம். 1954 முதல் இதே பிக்கப்புகளில் வந்த 235 முழு அழுத்த எண்ணெய் ஓட்டமும் தனியாக மாற்றக்கூடிய பேரிங் ஓடுகளும் கொண்டது. ஆனால் 1941 முதல் பெரிய லாரிகளில் வந்த பழைய 235உம் உண்டு. அதுவும் அகப்பை முறைதான். விற்பவர் “235” என்று சொல்வதோடு நின்றுவிடாமல் வால்வு மூடியைப் பாருங்கள். மேலே நடுவில் இரண்டு நட்டுகளால் பிடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். விளிம்பில் நான்கு திருகுகள் இருந்தால் பிந்தைய வகை. எஞ்சின் உடலில் வார்ப்பிலேயே இருக்கும் எண்ணும் நாள் குறியும்தான் முடிவான சான்று. நாள் குறியின் முதலெழுத்து மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று எல் டிசம்பர் வரை போகும். அதன் பிறகு நாளும் ஆண்டின் கடைசி இலக்கமும் வரும்.

1955 முதல் வந்த 235ல் வாட்டர் பம்ப் உயரமான இடத்தில் இருப்பதால் விசிறி உங்கள் ரேடியேட்டரோடு ஒத்துப்போகாது. பழைய பம்ப்பைப் பொருத்துவதற்கான இடைத்தகடு விற்கிறது. ஃபிளைவீலின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். 6 வோல்ட் காலத்து ஃபிளைவீலுக்கு 139 பற்கள், 12 வோல்ட் காலத்ததற்கு 168. ஒன்றின் ஸ்டார்ட்டர் மற்றொன்றின் பற்களில் பொருந்தாது.

10. 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றியே ஆக வேண்டுமா?

தேவையில்லை. “6 வோல்ட்டில் எஞ்சின் சோம்பிச் சுழல்கிறது” என்பவர்களின் வண்டியைத் திறந்தால், 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய பேட்டரி கேபிள் மாட்டியிருப்பதைப் பெரும்பாலும் காண்கிறேன். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரு மடங்கு மின்னோட்டம் பாய வேண்டும். அதற்கேற்ற தடித்த கேபிளைப் போட்டு, சேசிஸில் இணையும் இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டால் காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றும். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள்: அதே காலத்து ஃபோர்டு வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை சேசிஸில் இணையும், ஷெவர்லேயில் எதிர்முனை. ஃபோர்டுக்காரர் சொல்லும் மின்சார யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

11. நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போக வேண்டும். கியர் பாக்ஸை மாற்றினால் போதுமா?

3100இன் பின் ஆக்சிலின் விகிதம் 4.11, அதாவது பின்சக்கரம் ஒரு முறை சுழல, எஞ்சின் விசையைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.11 முறை சுழல வேண்டும்; 50 மைலைத் தாண்டினாலே எஞ்சின் கதறும். எட்டாம் பதிலில் சொன்ன 216ஐ அந்த வேகத்தில் தொடர்ந்து ஓட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும். புதிய கியர் பாக்ஸ் வைப்பதில் ஒரு தடை உண்டு. 1954 வரையிலான அரை டன் வண்டிகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கிறது, அந்தக் குழாய் முன்னே கியர் பாக்ஸோடும் பின்னே ஆக்சிலோடும் ஒரே தொகுதியாக இணைந்தது. ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் மாற்ற வேண்டும். வண்டியின் அசல் அமைப்பைக் கெடுக்காத வழி, அதே ஆக்சிலுக்குள் 3.55 விகிதப் பல்சக்கரத் தொகுதியை வைப்பது. பவர்கிளைடு என்ற தானியங்கி கியர் கொண்ட அக்கால ஷெவர்லே கார்களில் அது வந்தது.

வேகத்தைப் பற்றிக் கேட்பவரிடம் நான் முதலில் பிரேக்கைப் பற்றித்தான் கேட்பேன். 1950 வரையிலான வண்டிகளில் ஹக் வகை பிரேக். பாகங்கள் அரிது, சரிக்கட்டுவதும் பொறுமை கேட்கும் வேலை. 1951இல் வந்த பெண்டிக்ஸ் வகையில், சுழலும் டிரம்மே பட்டையை இழுத்து இறுக்கிக்கொள்ளும் என்பதால் குறைந்த மிதியில் நிற்கும். மாற்றுவதென்றால் பின்தகடு, பட்டை, டிரம் என முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும்.

12. என்னுடையது 1952 வண்டி. குரோம் கிரில் வாங்கிப் போட்டால் அசலாக இருக்குமா?

இருக்காது. கொரியப் போர்க்கால உலோகக் கட்டுப்பாடுகளால் அந்த ஆண்டுகளின் வண்டிகளில் குரோம் நீங்கி, பெயிண்ட் அடித்த கிரில் வந்தது. அசலை விரும்பினால் செலவும் குறைகிறது. அழகுக்காகக் குரோம் போடுவது உங்கள் உரிமை. அசல் என்று சொல்லி விற்காமல் இருந்தால் போதும்.

13. ஷெவர்லே லாரிகள் தமிழ்நாட்டிலும் ஓடினவே. ஊரில் தேடினால் பாகம் கிடைக்குமா?

ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டிகளைப் பொருத்தி விற்றது, தென்னகத்தில் டி.வி.எஸ். அதன் விநியோகஸ்தராக இருந்தது. ஆகவே எஞ்சின், கியர் பாக்ஸ் பாகங்கள் பழைய லாரிப் பட்டறைகளில் அகப்படலாம். கேபினை எதிர்பார்க்க வேண்டாம். லாரிகள் பெரும்பாலும் சேசிஸாக வாங்கப்பட்டு, உடல் உள்ளூரில் மரத்தாலும் தகட்டாலும் கட்டப்பட்டது. வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் ஸ்டியரிங், மிதிப் பாகங்களும் உதவா.

14. கதவுக்கு அடியிலிருந்த துருவை வெட்டிப் புதுத் தகட்டை வெல்டிங் செய்தேன். இப்போது கதவு மூடவில்லை. கீலை வளைக்கலாமா?

கீலைத் தொடாதீர்கள். கதவுக்கு அடியிலுள்ள பகுதிதான் திறப்பின் வடிவத்தைத் தாங்கியிருந்தது. அதை வெட்டியதும் கேபின் தொய்ந்து, தொய்ந்த நிலையிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. வெல்டிங்கைத் திறந்து, ஜாக்கியால் மெதுவாகத் தூக்கி, கதவைத் தொங்கவிட்டுச் சுற்றிலும் இடைவெளி சமமாக வரும் வரை சரிசெய்து, பிறகுதான் மீண்டும் புள்ளிபுள்ளியாக ஒட்ட வேண்டும். மற்றப் பக்கத்தை வெட்டுவதற்கு முன், திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக ஒட்டி இறுக்கிவிடுங்கள். கேபின் சேசிஸில் இறுக்கப்பட்ட நிலையிலேயே இந்த வேலை நடக்க வேண்டும்.

15. எங்கே தேடியும் கிடைக்காத பாகத்தை நாமே செய்துகொள்ளலாமா?

செய்யலாம், அதற்கும் ஐந்தாம் கேள்வியில் காப்பாற்றிய பழைய பாகமே மூலம். புஷ், பின், தண்டு போன்றவற்றை எந்த லேத் பட்டறையும் கடைந்து கொடுக்கும். தேய்ந்த பக்கத்தை அளக்காமல், தேயாத பக்கத்தை அளந்து கொடுக்க வேண்டும். இரண்டாக உடைந்த துத்தநாக வார்ப்புக் கைப்பிடியை ஒட்டி, பட்டி பூசி முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் அதிலிருந்து அச்செடுத்து வெண்கலத்தில் வார்க்கலாம். ஆறும்போது உலோகம் சுருங்கும் என்பதால், அச்சு சற்றே பெரிதாக இருக்க வேண்டும் என்று வார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்டியரிங் கம்பி, பிரேக் மிதி, சக்கர போல்ட் போன்ற உயிர்காக்கும் பாகங்களை மட்டும் இவ்வாறு செய்துகொள்ளாமல், காத்திருந்தாவது தரமான பாகத்தையே வாங்க வேண்டும்.